முகமும் முடியும்

செதுக்கப்பெற்ற உருவம் ஒருவர் யார் என்பதைக் காட்டுகிறதா, எந்நிலையினர் என்பதைக் காட்டுகிறதா? இரண்டும் ஒன்றெனத் தோன்றினும் ஒன்றல்ல.

மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைக் கோயிலில் தேவியரோடு இரு பல்லவ மன்னர்களின் உருவங்கள் உள்ளன. முடியும் அரியணையும் ‘இவர்கள் அரசர்கள்’ என உரைக்கின்றன. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்களை உரைப்பனவோ மேலே பொறித்த எழுத்துகளே. அவை இருந்தும், எந்த மகேந்திரன் என அறிஞர் வாதிடுகின்றனர். உயர்நிலை கல்லில் எளிதில் பதிகிறது. ஆள் எளிதில் பதிவதில்லை.

நம் காலத்தில் செதுக்குருவம் பெரிதும் வாழுமிடம் பணத்தாள். தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சிடும் கலை, போலியைத் தடுப்பதோடு, ஆள்பவர் யார் என்பதையும் அறிவித்தது. சிங்கப்பூரில் புழங்கிய பழைய தாள்களில் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் முதலியோர் விளங்கினர். பிறப்பு ஒன்றே அவர்களுக்கு அவ்விடத்தை அளித்தது. விடுதலைக்குப்பின் முகப்பில் 1967இல் ஆர்க்கிட் மலர்களும், 1976இல் பறவைகளும், 1984இல் கப்பல்களும் இடம்பெற்றன. 1999இல்தான் முதல் அதிபர் யூசோப் இஷாக் தோன்றினார். தலையில் முடியில்லை, சொங்கோக் தொப்பியே உண்டு. அதிபராகுமுன் அவர் இதழாளர்.

பிடோக் உணவங்காடியில் காப்பிக்கு நீட்டும் இரண்டு வெள்ளித் தாளிலும், பெருவணிகர் எண்ணும் நூறு வெள்ளித் தாளிலும் அதே முகந்தான். தொகை மாறுகிறது; முகத்தின் மதிப்பு மாறுவதில்லை. மனித மாண்பு பொருளளவைச் சார்ந்ததன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ!

2019இல் வெளிவந்த இருபது வெள்ளி நினைவுத் தாளின் பின்புறத்தில் எண்மருள் ஒருவராக பி. கோவிந்தசாமி பிள்ளை இடம்பெற்றார். கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி வணிகராய் உயர்ந்து, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் இராசகோபுரத்திற்குப் பொருளீந்தவர் அவர். அவரை அத்தாளில் ஏற்றியது செல்வமா, ஈகையா? செல்வர் பலர் அங்கே இல்லை என்பதே விடை.

ஆயினும் ஈகையை எவ்வுளியும் செதுக்க இயலாது. அறியாதவனுக்கு அதுவும் ஒரு முகமே. அம்முகத்திற்குரிய வாழ்வை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியரே பொறிப்பை நிறைவு செய்பவர்.