பெற்றதும் தங்கியதும்

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் என் உம்மம்மாவின் வயதுப் பெண்கள் புதிதாக ஒருத்தியைச் சந்தித்தால் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். “எத்தனை பெத்தீங்க?” என்பது ஒன்று. “எத்தனை தங்கிச்சு?” என்பது மற்றது. உம்மம்மா ஒரே மூச்சில் பதில் சொல்வார்: “ஏழு பெத்தேன், நாலு தங்கிச்சு.” பிட்டி மணலில் தென்னை எத்தனை வைத்தேன், எத்தனை பிழைத்தது என்று சொல்வதைப்போல இருக்கும். தங்காத மூன்றும் நாற்பது நாளைக் காணாதவை. மூன்றும் 1950க்கு முன் பிறந்தவை.

என் மகளிடம் இன்று யாரும் இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால் அது அபசகுனமாகப் படும். ஒரு நாட்டில் பச்சிளங் குழந்தைகளின் மரணம் குறைந்துவந்ததை அறிக்கைகள் கோடு போட்டுக் காட்டுகின்றன. எனக்கோ, அந்தக் கேள்வி எங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து இல்லாமற்போனதுதான் அதன் அடையாளம்.

பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளைப் புள்ளிவிபரம் தனியாக எண்ணுகிறது. வாழ்வில் மிக ஆபத்தான நாட்கள் அவைதான் என்பதே காரணம். நம்மவர்களும் தங்கள் வழியில் நாட்களை எண்ணினார்கள். உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் இந்துக்கள் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பார்கள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைத்து, நாற்பது வரை தாயையும் பிள்ளையையும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். இந்த வழக்கங்களுக்கு ஆயிரம் விளக்கம் உண்டு. ஆனால் அந்த நாட்களைக் கடக்கும்வரை எவருக்கும் நெஞ்சில் உறுதி இருந்ததில்லை. முன்பிறந்தவை இறந்த வீடுகளில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள்; பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டார்கள். எமனுக்கும் வேண்டாத பிள்ளையாகத் தோன்றட்டும் என்ற தாயின் தந்திரம் அது. இன்றைய பாடசாலை இடாப்பில் அந்தப் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த அச்சத்துக்கு ஒரு காரணம் ஆறுகளில் இருந்தது. தெதுறு ஓயா சிலாபத்தருகே கடலில் கலக்கிறது. 1934இல் மழை பொய்த்து இத்தகைய ஆறுகள் குட்டை குட்டையாய்த் தேங்கின. குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. அடுத்த சில மாதங்களில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். 1935இல் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுக்கும் 263 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துபோயின. மலேரியா கர்ப்பிணியின் இரத்தத்தை உறிஞ்சிவிடும். பிள்ளை எடை குறைந்து, காலத்துக்கு முந்திப் பிறக்கும். தாய்க்கு வந்த காய்ச்சல்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளையைக் கொண்டுபோனது.

1946இல் 141 ஆக இருந்த சிசு மரண வீதம், 1947இல் 101 ஆக இறங்கியது. டி.டி.ரி. நுளம்பு மருந்து தெளித்ததுதான் இதற்குக் காரணமா, வேறு காரணங்களும் உண்டா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். மருந்து நுளம்பைக் கொன்றது உண்மை. அதற்கு முன்பே வேறொரு வேலை தொடங்கியிருந்ததும் உண்மை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் ஊர்கள் ஆஸ்பத்திரி கேட்டன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரிந்த தாய்மார் உருவானார்கள்.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவிச்சி. முன்பு, கையில் அகப்பட்ட கத்தியால் கொப்பூழ்க் கொடியை வெட்டிச் சாம்பல் பூசினார்கள். ஆறேழு நாளில் பிள்ளை பால்குடிக்க வாய் திறக்க முடியாமல் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து இறந்தது. பேய் பிடித்தது என்றார்கள். அது ஏற்பு வலி. மருத்துவிச்சி கொதிநீரில் இட்ட கத்தரிக்கோலும் சவர்க்காரமிட்டுக் கழுவிய அவரது கையும் அதைப் பெருமளவு தடுத்தன; 1969 முதல் கர்ப்பிணிகளுக்குப் போடப்பட்ட ஊசி அதை ஏறக்குறைய ஒழித்தது.

ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் இன்று வைத்தியசாலையில்தான். ஆனாலும் பிள்ளை பிறந்து பத்து நாட்களுக்குள் ‘மிஸ்ஸி’ என்று நாங்கள் அழைக்கும் மருத்துவிச்சி வீட்டுப் படியேறி வருகிறார். கொப்பூழைப் பார்க்கிறார், பால் சுரக்கிறதா என்று கேட்கிறார், பிள்ளையின் கண்ணில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அவரது சுமை கூடிய காலமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் இந்தக் கரையில் வந்திறங்கி ஓலைக் குடிசைகளில் தங்கினார்கள். இருந்தவர்களுக்கே போதாத கிணறும் கிளினிக்கும் அவர்களோடும் பங்கிடப்பட்டன. வரைபடத்தில் கோடு தானாக இறங்குவதில்லை. மணலில் ஒருத்தி நடந்துகொண்டேயிருப்பதால் இறங்குகிறது. அவள் நின்றால் அது ஏறும்.

இன்று இலங்கையில் ஆயிரம் பிறப்புகளுக்குச் சுமார் 4 குழந்தைகள் முதல் மாதத்தில் இறக்கின்றன என்கிறது ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு. உலகச் சராசரி சுமார் 17. ஒவ்வொரு நாடும் 2030க்குள் 12க்கோ அதற்குக் கீழேயோ வரவேண்டும் என்பது உலகம் வைத்துக்கொண்ட இலக்கு. நாம் அதை எப்போதோ கடந்துவிட்டோம். இதில் பெருமைப்படுவது நியாயம். ஆனால் 2023இல் இந்நாட்டில் ஏறக்குறைய 248,000 குழந்தைகள் பிறந்தன. ஆயிரத்துக்கு 4 என்ற வீதத்தை அதோடு பெருக்கினால் ஏறத்தாழ ஆயிரம் வீடுகள்.

எஞ்சியிருக்கும் இந்த மரணங்கள் சவர்க்காரத்துக்கு அடங்குபவை அல்ல. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைபாடும். கர்ப்பிணிக்கு நேரத்தோடு ஓர் ஊசி, பிள்ளை மூச்சுவிட ஒரு கருவி, இரவு மூன்று மணிக்கும் அதைக் கவனிக்கத் தெரிந்த ஒரு தாதி என்று அவை கேட்கின்றன. அவற்றைத் தேடிப் புறப்பட்டால், கற்பிட்டியிலிருந்து பிரதான வீதியின் பாலாவிச் சந்திக்கு வரவே 40 கிலோமீட்டரளவு தூரம். பத்தலங்குண்டுத் தீவில் வலி கண்டால் முதலில் படகு கிடைக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது; பயிற்சி பெற்ற வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போனார்கள். ஒரு நூற்றாண்டு உழைப்பின் பலன் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த வருடம் காட்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தெரு முழுக்கத் துணை இருந்தது. வீட்டுக்கு வீடு அதை அனுபவித்தவள் ஒருத்தி இருந்தாள். இன்று பிள்ளையைப் பறிகொடுப்பவள் தனியள்.

உம்மம்மாவின் கடைசி வருடங்களில், எங்கள் ஒழுங்கையில் ஓர் இளம் பெண்ணின் தலைப்பிள்ளை குறைமாதத்தில் பிறந்து நான்காம் நாள் இறந்தது. போனவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். “அல்லாஹ் இன்னொண்டத் தருவான்” என்றார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கண் மங்கிய உம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அவளருகே பாயில் உட்கார்ந்தார்.

“புள்ளைக்கி என்ன பேர் வெச்சீங்க மகள்?”

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். உம்மம்மா அவள் முதுகைத் தடவியபடி தன் தங்காத பிள்ளைகள் மூவரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அந்தப் பெயர்களை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.