பிழை காணாமையும் பிழையின்மையும்

மேசைக் கணினியின் ராம் நினைவகத்தை அதற்கென வகுத்த வேகத்துக்கு மேல் இயக்குவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். டிடிஆர்4 வகைக்குப் பொதுத் தரம் விதித்த 1.2 வோல்ட் மின்னழுத்தத்தை 1.35 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ உயர்த்தி, நொடிக்கு 320 கோடிப் பரிமாற்றங்கள் என்னும் உச்சத்தையும் தாண்டி ஓட்டுவோர் உண்டு. ஓட்டியபின் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை இரவு முழுதும் இயக்கி, ஒரு பிழையும் காணாவிடில் நினைவகம் நிலையானது என்று துணிகின்றனர். காணாமையிலிருந்து இன்மையைத் துணியும் இவ்வறிவு, மெய்யறிவுக்கு வாயிலாகிய அளவையாகுமா?

அவ்வளவைகளுள் ஒன்றாகச் சைவ சித்தாந்த நூல்கள் கருதல் என்று கூறும் அனுமானம், ஏதுவும் துணிபொருளும் எங்கும் பிரியாது உடனிருத்தலாகிய வியாப்தியைப் பற்றி நிற்பது. அவ்வுடனிருப்பை முற்றக் காண எவராலும் இயலாது என்று உலகாயதராகிய சார்வாகர் அனுமானத்தையே தள்ளினர். நியாய நெறியினராகிய நையாயிகர் அவ்வளவு தூரம் செல்லாமல், உறவைக் கெடுக்கும் மறை நிபந்தனையை உபாதி என்று பெயரிட்டுத் தேடினர்: நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது தவறு, ஏனெனில் புகைக்கு ஈரவிறகும் வேண்டும், பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பிருந்தும் புகையில்லை.

சோதனை தேறியது, ஆகவே நிலையானது என்னும் கருதலுக்கு உபாதி வெப்பம். நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண் மின்தேக்கியில் மின்னூட்டமாகத் தங்குகிறது. அது கசிவதால் 64 மில்லிநொடிக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும், 85 பாகை செல்சியஸைக் கடந்தாலோ இருமடங்கு விரைவாக. வேகத்தின் பொருட்டு இப்புதுப்பிப்பு இடைவெளியையே நீட்டுவோரும் உளர். குளிர்ந்த இரவில் தேறியது, வரைகலை அட்டையின் சூடும் சேரும் நண்பகலில் தவறலாம்.

ஐயத்துக்கும் எல்லை உண்டு, ஐயுறுவோனின் செயலே அவ்வையத்தோடு முரணும் இடத்தில் அது ஓய வேண்டும் என்றார் நியாய ஆசிரியர் உதயணர். சார்வாகருக்கு இது தக்க விடையே. ஆனால் ஓவர்கிளாக் செய்தவரின் ஐயம் வீண் ஐயமன்று. அதற்குரிய காரணத்தை அவரே ஆக்கியிருக்கிறார். மேலும், 16 ஜிபி நினைவகத்தின் ஏறத்தாழ 13,700 கோடிப் பிட்டுகளில் ஒன்று புரண்டு கோப்பில் பதிந்தாலும் கணினி நிற்காமல் ஓடக்கூடும், செயல் எதையும் மறுத்துக் காட்டாது. ஒற்றைப் பிட் பிழையைத் திருத்தும் இசிசி நினைவகம் சாதாரண மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை.

ஆகவே தேறிய சோதனை தருவது, இன்ன வெப்பத்தில் இன்ன நேரம் பிழை தென்படவில்லை என்னும் காட்சியறிவு மட்டுமே. விளையாட்டுக்கு அது போதும். கணக்கேடும் ஆய்வுத் தரவும் காக்கும் கணினிக்குப் போதாது.