சின்ன முதலும் பெரிய கடலும்

சென்னையில் துணிக்கடை நடத்துகிறவர் தப்பான நிறத்தில் சேலை எடுத்துவிட்டால், இரண்டு நாள் கழித்துப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ சவுகார்பேட்டையிலோ வேறு சேலை எடுத்துக்கொள்வார். ஈரோட்டில் வாரம் தவறாமல் ஜவுளிச் சந்தை கூடுகிறது. திருப்பூர் காதர்பேட்டைக்குக் காலையில் போனவர் சாயங்காலம் பனியன் மூட்டையோடு பஸ் ஏறிவிடலாம். அந்தமானில், எங்கள் பெரார்கஞ்சில் நிலைமை வேறு. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் மூட்டை இங்கே ஹாடோ துறைமுகத்தில் இறங்க மூன்று நாள் போல ஆகும். மாதத்துக்குச் சில கப்பல்கள்தான். கடல் சரியில்லை என்றால் அதுவும் தள்ளிப்போகும். இறங்கிய மூட்டை சாத்தாமிலிருந்து வாகனப் படகில் பேம்பூஃபிளாட் கடந்து, அங்கிருந்து ரோடு வழியாக எங்கள் ஊர் வந்து சேர வேண்டும். ‘இந்த நிறம் போகவில்லை’ என்று தெரிவதற்கும் வேறு நிறம் கைக்கு வருவதற்கும் நடுவே ஒரு மாதம் ஓடிவிடும். போகாத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று மொத்த வியாபாரி பெரிய மனசோடு சொன்னாலும், கப்பல் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பினால் மிச்சம் எதுவும் தேறாது.

இந்த ஊரில்தான் என் மதினி பெண்களுக்கான துணிக்கடை ஒன்று போட ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுத்துச் சேர்த்த காசும் சீட்டுப் பணமும்தான் முதல். தைக்கத் தெரியும், கடையில் உட்கார்ந்து விற்றுப் பழக்கமில்லை. கணக்கு வழக்கு என் பொறுப்பு என்று தீர்மானமாகியிருப்பதால், சில காலமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பேச்செல்லாம் துணியைப் பற்றியதுதான்.

அந்தப் பேச்சுக்குள் இருக்கிற கேள்வி துணிக்கடையோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தொழிலைச் செய்து பார்த்துத்தான் கற்க முடியும். செய்து பார்த்தால் சில இடத்தில் தப்பும். தப்பினால் பணம் போகும். பணமோ கொஞ்சம்தான் இருக்கிறது. வசதியுள்ளவர் செய்யும் பிழை அவருக்கு அனுபவமாக வரவு வைக்கப்படுகிறது. வசதியில்லாதவர் செய்யும் அதே பிழை கடனாக நிற்கிறது. அப்படியானால் கையில் கொஞ்சமே இருக்கிறவர் எப்படிக் கற்றுக்கொள்வது?

உறவுக்காரர்கள் இரண்டு விதமாக யோசனை சொல்கிறார்கள். “இன்னும் நாலு வருஷம் போகட்டும், பணம் சேரட்டும்” என்கிறது ஒரு பக்கம். “செய்யறத பெருசா செய்யணும், நகையை வச்சுப் போடுங்க” என்கிறது இன்னொரு பக்கம். இரண்டு பேருமே அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. நாலு வருஷம் காத்திருந்தால் பணம் ஒருவேளை சேரும். எந்தத் துணி போகும், எது தேங்கும் என்ற அறிவு காத்திருப்பதால் சேராது. பெரிதாகப் போட்டால் அந்த அறிவு விரைவாக வரும் என்றும் சொல்ல முடியாது. பெரிய கடையில் நடக்கும் பிழையும் பெரிதாகத்தான் இருக்கும்.

நாம் இன்று நாலு மாடி, ஐந்து மாடி என்று பார்க்கிற கடைகளின் தொடக்கத்தை இந்தக் கேள்வியோடு பார்த்தேன். போத்தீஸ் 1923-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஆர்.எம்.கே.வி. 1924-இல் திருநெல்வேலியிலும், நல்லி 1928-இல் சென்னை தியாகராய நகரிலும் சின்னக் கடைகளாகத் தொடங்கியவை. நல்லி சின்னசாமி செட்டி காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தவர். கடை நடத்துவதில் புதியவராக இருந்திருக்கலாம், நூலில் புதியவர் இல்லை. இவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இன்னொன்றும் படுகிறது: அந்தக் காலத்துக் கடை என்றால் சேலையும் வேட்டியும்தான். அவற்றுக்கு அளவு கிடையாது. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒரே சேலை. சின்ன முதலுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது ரெடிமேட் எடுக்கப் போனால்தான் புரியும்.

மொத்தக் கடையில் குர்தி எடுக்கிறோம் என்றால் ஒன்று, இரண்டு என்று பொறுக்கித் தரமாட்டார்கள். செட்டாகத்தான் எடுக்க வேண்டும். எம், எல், எக்ஸ்.எல், டபுள் எக்ஸ்.எல் நாலும் சேர்ந்தது ஒரு செட். ஒரே டிசைனில் மூன்று நிறம் வேண்டுமென்றால் பன்னிரண்டு உருப்படி வாங்கியாக வேண்டும். எல்லும் எக்ஸ்.எல்லும் முதல் வாரத்திலேயே போய்விடும். மீதி கட் சைஸாகத் தொங்கும். வருகிறவர்கள் அதே டிசைனைக் கேட்பார்கள், அவர்கள் அளவு இருக்காது. குழந்தைகள் உடுப்பு இன்னும் கடினம். 16, 18, 20 என்று ஏறிக்கொண்டே போகும் அளவில் ஒவ்வொன்றிலும் காசு அடைந்து கிடக்கும். அதனால் முதல் கொள்முதலில் அளவில்லாத உருப்படிகளுக்கே பெரும் பங்கு என்று முடிவு செய்தோம். தினசரி கட்டுகிற சேலை, ஃப்ரீ சைஸ் நைட்டி, இன்ஸ்கர்ட், ரவிக்கைத் துணி, தைக்காத சுடிதார் மெட்டீரியல், துப்பட்டா. இவற்றில் பிழை வந்தாலும் நிறத்தில் வரும், அளவில் வராது. மெட்டீரியல் எடுக்கிறவருக்கு அங்கேயே அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கலாம், சேலைக்கு ஃபால்ஸ் வைக்கலாம், ஓரம் அடிக்கலாம். நல்லிக்கு நூல் தெரிந்திருந்த இடத்தில் மதினிக்கு வெட்டும் தையலும் தெரிந்திருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய உடுப்பு தோளில் பிடித்தால் இந்தத் தீவிலிருந்து திருப்பி அனுப்புவது பெரும்பாடு. மதினியிடம் எடுத்தது பிடித்தால், அரை மணி நேரத்தில் பிரித்து விட்டுத் தந்துவிடுவார்.

ஒரு கணக்கை மதினியிடம் போட்டுக் காட்டினேன். ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு, வாங்கிய விலைமேல் 30 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சரக்கு ஆண்டுக்கு ஆறு முறை விற்றுத் திரும்பினால் 1,80,000 ரூபாய் கையில் நிற்கும். இரண்டே முறை திரும்பினால் 60,000 ரூபாய். கடை வாடகை மாதம் 5,000 என்றால் அந்த அறுபதும் வாடகைக்கே சரி. கரண்ட் பில்லுக்கும் கப்பல் கூலிக்கும் கைப்பணம் போட வேண்டும். அதாவது எவ்வளவு சரக்கு அடுக்கியிருக்கிறோம் என்பதைவிட அது எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் பிழைப்பு. மதினி நோட்டை வாங்கி அந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்போ அலமாரி நெறஞ்சிருக்கணும்னு நெனைக்கிறதே தப்பு, தம்பி.”

அலமாரியைப் பற்றி இன்னொரு கவலையும் உண்டு. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதத்தில் பிடித்தால் கார்த்திகை தாண்டித்தான் வானம் தெளியும். பருத்தி, காற்றிலிருந்தே தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. பிளாஸ்டிக் உறையோடு அப்படியே அடுக்கிவைத்த பருத்திச் சேலையை ரெண்டு மாதம் கழித்து விரித்தால் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் புள்ளி வைத்திருக்கும். ஜரிகை கறுக்கும். தேங்கும் சரக்கு எந்த ஊரிலும் நஷ்டம்தான். இங்கே அது கெட்டும் போகும். ஆகவே அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துவது, உறைகளின் வாயைத் திறந்து வைப்பது, வெயில் அடிக்கிற நாளில் மடிப்பை மாற்றி மடிப்பது, பட்டுப் பக்கம் இப்போதைக்குப் போகாமலிருப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு நம்பிக்கை தருவது ஊர்தான். 1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாய்டு பெராரின் பெயர் கொண்ட ஊர் இது. 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிளா முஸ்லிம் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகத் தங்கின. பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெற்கு அந்தமானில் நிலம் கொடுத்தார்கள். காட்டு வேலைக்கு ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பிறகு தமிழர், தெலுங்கர். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் அதில் சுமார் 15 சதவீதம்.

தமிழ்நாட்டுச் சின்ன ஊரில் துணிக்கடை தீபாவளியை நம்பி நிற்கும். அந்த ஒரு மாதம் தப்பினால் ஆண்டே தப்பியது. எங்கள் ஊரிலோ ஓணத்துக்குக் கசவுச் சேலை கேட்பவர் இருக்கிறார். துர்கா பூஜைக்குச் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை வேண்டும். அடுத்த சில வாரத்தில் தீபாவளி. அதற்குப் பின் கிறிஸ்துமஸ், பொங்கல். ரம்ஜானும் பக்ரீத்தும் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். சின்ன முதல்காரருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரே பண்டிகைக்கு மொத்தப் பணத்தையும் இறக்கத் தேவையில்லை; ஒன்றில் வந்ததை அடுத்ததில் போடலாம். ஒன்றில் தவறினால் அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் முன்பே ஆர்டர் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. எந்த வீட்டில் எப்போது என்ன உடுத்துவார்கள் என்று தெரிய மதினி கடை திறக்கும்வரை காத்திருக்கவில்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதி வருகிறார். அந்த நோட்டுக்குச் செலவு பத்து ரூபாய்.

வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குக் காரணம் அமெரிக்காவின் சாம் வால்டன். பிற்பாடு வால்மார்ட்டைத் தொடங்கிய அவர், 1945-இல் மாமனாரிடம் கடன் வாங்கி ஆர்கன்சாவில் நியூபோர்ட் என்ற சின்ன ஊரில் ஒரு கடை எடுத்தார். டஜன் இரண்டரை டாலருக்கு வாங்கி, டாலருக்கு மூன்று என்று விற்ற பெண்கள் உள்ளாடையை, டஜன் இரண்டு டாலருக்குக் கிடைத்ததும் டாலருக்கு நான்கு என்று கொடுத்தார். வியாபாரம் பல மடங்கானது. விலையைக் குறைத்துச் சரக்கை வேகமாகத் திருப்பும் வித்தை அங்கே கைவந்தது. ஆனால் கடை ஒப்பந்தத்தில் நீட்டித்துக்கொள்ளும் உரிமை எழுதப்படவில்லை. ஓடுகிற கடையைத் தன் மகனுக்குக் கொடுக்க ஆசைப்பட்ட கட்டட உரிமையாளர் புதுப்பிக்க மறுத்தார். 1950-இல் வால்டன் ஊரையே மாற்றிக்கொண்டு பென்டன்வில் போக வேண்டி வந்தது. அவருக்கு இன்னொரு ஊரில் மறுபடி தொடங்கச் சக்தி இருந்தது. மதினிக்கு இருப்பது இந்த ஒரு ஊர், இந்த ஒரு பாதை. எனவே வாய்ப்பேச்சில் கடை எடுப்பதில்லை. எத்தனை ஆண்டு, எவ்வளவு ஏற்றம், யார் எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவும் செய்ய வேண்டும்.

கண்ணாடி முகப்பைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. அலங்காரத்தில் போடும் காசு திரும்பாது என்பது என் வாதம். “கண்ணாடி போடலன்னா அத கடைன்னு யாரு சொல்லுவா? இத்தன வருஷம் அடுப்படிக்குப் பக்கத்துல மெஷின் போட்டு உக்காந்துட்டேன் தம்பி” என்றார் மதினி. அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. ஒரு பெண் தன் தொழிலை ஊர் பார்க்கும் இடத்தில் வைக்க விரும்புவதை வீண் செலவுக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. ஒரு கண்ணாடி, ஒரு பொம்மை, ஆளுயர நிலைக்கண்ணாடி, கனமான திரை போட்ட ஒரு ட்ரையல் அறை என்று முடிவானது. பயமில்லாமல் உடுத்திப் பார்க்க இடம் இருந்தால், இதற்காகப் போர்ட் பிளேர் அபர்தீன் பஜாருக்குப் போய் ஒரு பகலைத் தொலைப்பவர்களில் சிலராவது இங்கே நின்று பார்ப்பார்கள்.

நகையை அடகு வைப்பதில்லை. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் உண்டு. தேவைப்பட்டால் அதற்கு எழுதிப்போடுவோம். ஐந்து லட்சம் வரை தரும் கிஷோர் பிரிவை இப்போது நினைக்கவே வேண்டாம் என்பது மதினியின் கட்சி. போனால் போகட்டும் என்று எவ்வளவை நினைக்க முடியும் என்று அவரையே கேட்டேன். சீட்டுப் பணத்தைச் சொன்னார். மகள் படிப்புக்கு வைத்ததைத் தொடக்கூடாது என்றார். அந்தக் கோடு கிழித்த பிறகுதான் அவர் முகத்தில் பயம் குறைந்தது.

நாங்கள் இன்னும் தீர்க்காத விஷயம் ஒன்று இருக்கிறது: கடன் கொடுப்பது. இங்கே எந்தப் பாஷைக்காரரும் அதை உதார் என்றுதான் சொல்வார். சம்பளக்காரருக்கு மாத முதல் வாரத்தில் காசு புழங்கும். பாக்குத் தோட்டக்காரருக்குக் காய் பறித்தால்தான். கூலிக்காரருக்கு மழை விட்டால்தான். உதார் இல்லாமல் இந்த ஊரில் துணி விற்க முடியாது. கேட்பவர் யாரோ எவரோ இல்லை; அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு வங்காளி தீதி. அவரிடம் ரொக்கம் வைத்தால்தான் சேலை என்று மதினி சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் முப்பது வீட்டில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் நின்றால், அடுத்த கப்பலுக்குச் சரக்கு எடுக்கப் பணம் இருக்காது. முதலில் பாதிப் பணம், மீதி இரண்டு தவணை, ஒரு வீட்டுக்கு ஒரு பாக்கிதான், அது தீர்ந்த பிறகே அடுத்தது என்று ஒரு வழக்கம் வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அதை முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். தீதிக்கும் சேர்த்து. மதினி அவரிடம் நேரிலேயே பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பூஜைக்குச் சரக்கு சொல்வதற்கு முன்பே.