உண்ண மறுக்கும் அன்னையும் ஆலய நைவேத்தியமும்



ஆலயத்தில் நாம் இறைவனுக்கு நைவேத்தியம் படைக்கின்றோம். திரை மூடி, மணி ஒலிக்க, நீர் சுற்றி நிவேதித்தபின் திரை விலகும்போது சோறு வைத்தது வைத்தபடியே இருக்கின்றது. சுவாமி சாப்பிடவில்லையே என்று எவரும் கோபிப்பதில்லை. ஏற்றுக்கொண்டான் என்று கும்பிட்டு வருகின்றோம். வீட்டிலோ, எண்பது வயதுத் தாயார் இரண்டு வாய் இடியப்பத்தோடு கோப்பையைத் தள்ளிவிட்டால் எமக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. இரவில் கனடாவிலிருந்து அண்ணர் தொலைபேசியில் "அம்மா இண்டைக்குச் சாப்பிட்டவவோ" என்று பாசத்தோடுதான் கேட்கின்றார். பக்கத்தில் இருந்து பராமரிக்கும் தங்கைக்கு அது விசாரணையாகப் படுகின்றது.

வயது போனால் இப்படித்தான் என்று சும்மா இருந்துவிடுவதும் தகாது. பல்லுக்கட்டு தளர்ந்து முரசு புண்பட்டிருக்கலாம். மலச்சிக்கல் இருக்கலாம். குடிக்கும் குளிசைகளே பசியைக் கெடுத்திருக்கலாம். துணையை இழந்த துயரம் வாய்விட்டுச் சொல்லப்படாமல் உணவை வெறுக்கச் செய்திருக்கலாம். இவற்றுட் பல திருத்தக்கூடியவை. ஆதலால் முதலில் வைத்தியரிடம் காட்டவேண்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருமாயின் அதனையும் மறவாது சொல்லவேண்டும்.

கண்ணப்ப நாயனார் இறைச்சியை வாயிலிட்டு அதுக்கிப் பார்த்து, பதமானதையும் சுவையானதையும் தெரிந்தெடுத்தே காளத்தியப்பருக்குப் படைத்தார். ஆகம விதி அறியாத அவர், உண்பவரின் வாயை அறிந்திருந்தார். நாமோ எமது நேரத்துக்கு, எமது அளவில் கோப்பையை நிரப்பி வைத்துவிட்டு, ஏன் முடிக்கவில்லை என்று கேட்கின்றோம். நிமிர்த்தி இருத்தி, பாலில் குழைத்த சோற்றையோ உளுத்தங்கஞ்சியையோ சிறிது சிறிதாக, அவர் கேட்கும் வேளையில் கொடுத்துப் பாருங்கள்.

அதற்குப் பின்னும் சிலருக்கு உணவு செல்லாது. இனிக் குணப்படுத்த வழியில்லை என்று வைத்தியர் கூறும் நிலை அது. இவ்வுடலுக்கென அளந்த பிராரத்தம் நுகர்ந்து முடியுங் காலத்தில் உடல் உணவைக் கேட்பதில்லை என்றே சைவர்களாகிய நாம் கொள்ளவேண்டும். பட்டினி போட்டுவிட்டோமே என்று பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் மனம் நோகின்றார்கள். அந்தப் பழி அவர்களுக்கு உரியதன்று. பசி அடங்கியது உயிர் விடைபெற ஆயத்தமானதனாலேயாம். அவ்வேளையில் வாயைத் திறந்து ஊற்றினால் அது நெஞ்சுக்குள் புரையேறி நுரையீரலில் சுரத்தை உண்டாக்கிவிடும். சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்று அயலவர் சொல்வதுண்டு. ஒரு போத்தல் உப்புநீர் சோறாகாது.

கடைசியில் பால் பருக்கும் வழக்கமும் விழுங்க இயலாதவருக்கு ஊற்றுவதற்காக ஏற்பட்டதன்று. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாற் போதும். வாய் காயாதிருக்க நாள் முழுவதும் அப்படி ஒற்றுவதே அப்போது செய்யத்தக்க அமுதூட்டல். நெற்றியில் திருநீறு இட்டு, காதருகே சிவபுராணம் படியுங்கள். கண் மூடியிருந்தாலும் செவி கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

தேருக்கு வர முடியவில்லையே என்று இவ்வாறு பராமரிப்போர் கவலைப்படுகின்றனர். வரவேண்டாம். சுவாமி வீதியுலா வரும்போது படலையில் நிறைகுடம் வைத்து, கட்டிலை விறாந்தைக்கு நகர்த்தி, அம்மாவின் தலையை வீதிப் பக்கம் சற்றே உயர்த்தி வையுங்கள்.