சுக்கான் உன் கையில்தான் இருக்கிறதா?

எங்கள் திருவண்ணாமலையில் கடல் கிடையாது. தீபம் முடிந்ததும் அய்யங்குளத்தில் சுற்றும் தெப்பத்தை விட்டால், மிதக்கிற எதையும் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஊரில் அறிவுரை சொல்பவர்கள் எல்லோரும் மாலுமிகள்தான். "சுக்கான் உன் கையிலதான் இருக்கு தம்பி, திருப்பிக்க வேண்டியதுதானே" என்பார்கள். வேலை போய் ஊர் திரும்பிய என் நண்பனிடம் வாரத்துக்கு இரண்டு பேராவது இதைச் சொன்னார்கள். எனக்கு அந்த உவமை மேலேயே சந்தேகம்.

சுக்கான் ஒரு தகடு, அவ்வளவுதான். தானாக எதையும் தள்ளாது. தன் மேல் பாயும் தண்ணீரை ஒரு பக்கம் திருப்பும். அந்த எதிர்விசையில் படகின் பின்புறம் மறுபக்கம் நகரும். அந்த விசை, நீரின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசி. அதனால்தான் சுக்கானை புரொப்பல்லருக்கு நேர் பின்னால் வைக்கிறார்கள். வேகப்படகுக்குச் சின்னச் சுக்கான் போதும். மீன்பிடி டிராலரின் சாயலில் உல்லாசத்துக்குக் கட்டும் படகுகள் மணிக்கு 7, 8 கடல் மைல்தான் போகும். அவற்றுக்குப் பெரிய சுக்கானும், நிதானமாகச் சுழலும் பெரிய புரொப்பல்லரும் வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நிற்கிற படகில் சுக்கானை முழுக்கத் திருப்பி வைத்து, இன்ஜினை ஒரு நொடி முடுக்கினால், படகு முன்னால் நகர்வதற்குள் மூக்கு திரும்பிவிடும். ரிவர்ஸில் இது நடக்காது. புரொப்பல்லர் தண்ணீரை முன்பக்கம் அனுப்பிவிடும், சுக்கானுக்கு ஒன்றும் மிஞ்சாது. படகு புரொப்பல்லர் இழுக்கிற பக்கமே ஒதுங்கிக்கொண்டு பின்வாங்கும். ஊருக்குத் திரும்பி வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

2024 மார்ச் 26 அன்று நள்ளிரவு தாண்டி, பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' சரக்குக் கப்பலில் மின்சாரம் போனது. ஒரே புரொப்பல்லர், ஒரே சுக்கான். புரொப்பல்லர் நின்றது. சுக்கானைத் திருப்பச் சொன்னார்கள், நங்கூரத்தை இறக்கச் சொன்னார்கள். கப்பல் போய் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் மேல் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களைக் கேலி செய்து உடனே கார்ட்டூன் வந்தது. வழிகாட்டிக்கொண்டிருந்த பைலட்டுகள் உள்ளூர் அமெரிக்கர்கள் என்பது கார்ட்டூன் போட்டவருக்கு முக்கியமாகப் படவில்லை. விசாரணை கடைசியில் போய் நின்றது, சரியாகப் பொருந்தாத ஒரு வயர் இணைப்பில்.

முடியாத ஒன்றை ஒருவரின் கடமை என்று சொல்ல முடியாது என்பது கான்ட் வழியாக நமக்கு வந்த வாதம். சோம்பேறிகளுக்கு வசதியான தத்துவம்தானே என்று கேட்கலாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது சுக்கானைத் தொடாமல் இருந்தவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. டாலி விஷயத்திலும் பொறுப்பு எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. அந்த இரவிலிருந்து பின்னால் நகர்ந்து, யாரோ அந்த வயரைப் பொருத்திய நாளுக்குப் போகிறது. ஆனால் சம்பளம் நின்று, இஎம்ஐ நிற்காத ஒருவனிடம் "ஏன் திரும்பல?" என்று கேட்பவர், அதற்கு முன்னால் "இன்ஜின் ஓடுதா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஓடவில்லையென்றால் இரண்டு மாத வாடகை, ஒரு பழைய லேப்டாப், தெரிந்தவருக்கு ஒரு போன். ஒரு நொடி முடுக்கலுக்கு அது போதும்.

என் நண்பனுக்கு அவன் அக்கா நாலு மாத இஎம்ஐ கட்டினார்.