மாதம் பத்து வெள்ளி

என் அக்கா மகன் தாமான் டேசா தெப்ராவில் ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறான். ஒரு வேன், இரண்டு ஆட்கள், வீட்டு முன்கூடத்தில் ஒரு மேசை. கம்பெனி என்றால் அவ்வளவுதான். கணக்கெழுதுவதற்கு மாதச் சந்தா கட்டும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வேலை நின்றது. வேன் தவணையை வங்கி ஆறு மாதம் தள்ளிவைத்தது. மென்பொருள் சந்தாவை அவனே நிறுத்திக்கொண்டான். பிறகு வருமான வரிக்கு முந்தின வருடக் கணக்கு தேவைப்பட்டு உள்ளே நுழைந்தபோது, சந்தாவைப் புதுப்பித்தால்தான் பார்க்கலாம் என்று வந்தது.

"நான்தான மாமா எழுதினேன்? ஒவ்வொரு பில்லும் நான் ராத்திரி உக்காந்து டைப் பண்ணது. என் கணக்க நான் பாக்கறதுக்கு எதுக்கு மாமா காசு?"

வரி தொடர்பான ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். இன்றைக்கே அவன் தொழிலை மூடினாலும் அந்த ஏழு ஆண்டுகள் அவனை விடாது. எனக்கு உடனே அவன் பக்கம் சேர்ந்துகொண்டு திட்டத்தான் தோன்றியது. ஆனால் மென்பொருள் விஷயத்தில் நியாயம் பேச எனக்கு என்ன தகுதி என்ற கூச்சம் வந்து வாயை அடைத்தது.

தொண்ணூறுகளில் நான் ஜொகூர் பாருவில் ஓர் அச்சகத்தில் தமிழ்த் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ். பக்கம் அமைக்க பேஜ்மேக்கர். அது அசல் இல்லை. பேரங்காடி மேல்மாடியில் பத்து வெள்ளிக்கு விற்ற சிடி. வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்கள் பாலம் தாண்டி வந்து பை நிறைய அள்ளிக்கொண்டு போவார்கள். அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் கடைக்காரப் பையன் கதவை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அதைத் திருட்டு என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நம் பத்து வெள்ளியா குறைந்துவிடும் என்பதுதான் எங்கள் தத்துவம். தமிழ் எழுத்துருக்களையும் அப்படியே பிரதி எடுத்துக் கைமாற்றினோம். முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவில் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. தமிழுக்காக இப்படி எழுதப்படும் ஒன்றை வாங்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரும் பிரதி எடுத்துக்கொண்டால் எழுதியவர் எதைச் சாப்பிடுவார் என்று அன்று யோசிக்கவில்லை.

ஆகவே, 'அந்தக் காலத்தில் மென்பொருள் நமக்குச் சொந்தமாக இருந்தது' என்று யாராவது பெருமூச்சு விட்டால் நான் சேர்ந்துகொள்வதில்லை. எங்களுக்குச் சொந்தமாக இருந்தது திருட்டுப் பிரதி. காசு கொடுத்து அசல் வாங்கியவர்களுக்கும் அது முழுச் சொந்தமாக இருந்ததா என்பது கேள்விதான். பெட்டியைப் பிரித்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும்போதே, நீங்கள் வாங்கியது பொருள் அல்ல, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் பழைய ஆட்டோகேட் பிரதிகளை ஈபேயில் விற்ற ஒருவர், அது தன் பொருள், விற்கத் தனக்கு உரிமை உண்டு என்று வாதாடினார். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இரண்டே வருடத்தில், 2012 ஜூலையில், ஆரக்கிள் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது: கால வரம்பில்லாத உரிமத்துக்கு ஒரே தடவையில் விலை வாங்கிவிட்டால் அது விற்பனைதான், வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம். ஒரே பொருள், ஒரு கரையில் சொந்தம், மறு கரையில் இரவல்.

அந்த வழக்குகளின் சூடு ஆறுவதற்குள் அடோபி, 2013 மே மாதத்தில், இனி புதிய பதிப்புகளைப் பெட்டியில் விற்கப்போவதில்லை, எல்லாம் சந்தாதான் என்று அறிவித்தது. கிரியேட்டிவ் சூட் 6-தான் கடைசி. அதன் முழுத் தொகுப்பு 2,599 அமெரிக்க டாலர். சந்தா அப்போது மாதம் ஏறக்குறைய 50 டாலராக இருந்தது. இன்று தொழில் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு இதில் நன்மை இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரேயடியாக அத்தனை ஆயிரம் வெள்ளிக்கு நாங்கள் எங்கே போயிருப்போம்? போக இடமில்லாமல்தான் மேல்மாடிக்குப் போனோம். சந்தா பலரைத் திருட்டிலிருந்து மீட்டிருக்கிறது. அதுவும் ஓர் அறம்தானே. மென்பொருள் மேசை நாற்காலிபோல வாங்கிப் போட்ட இடத்தில் கிடப்பதும் இல்லை. ஓட்டை அடைக்க வேண்டும், புதுக் கணினிக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அதற்கு யாரோ தினமும் உழைக்க வேண்டும். என் அலமாரியில் பழைய தமிழ் எழுத்துரு சிடிகள் இன்னும் இருக்கின்றன. யூனிகோடுக்கு முந்தையவை. அவற்றைப் போட இன்றைய மடிக்கணினியில் வாய்கூட இல்லை.

அப்படியானால் அக்கா மகனின் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் அவன் அம்மா. பையன் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, காய் நறுக்கிக்கொண்டே, "லயத்து வீடு மாதிரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தெப்ராவ் பக்கம் இப்போது வருகிறவர்களுக்குப் பேரங்காடியும் நெடுஞ்சாலையும்தான் தெரியும். இது கித்தாக் காடாக இருந்தது, பிறகு செம்பனை, பிறகு தாமான்கள். கித்தாவுக்கும் முன்னால் மிளகும் கம்பீரும். 1844-இல் சிங்கப்பூரிலிருந்து தான் கீ சூன் தலைமையில் வந்த தியோசியூ மக்கள் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். தெமெங்கோங் இப்ராஹிம் அவர்களுக்கு நிலத்தை விற்கவில்லை. ஆற்றோரம் பயிரிட 'சூராட் சுங்கை' என்ற அனுமதிக் கடிதம் தந்தார். அதை வைத்திருப்பவர் கங்சூ. அவர் எல்லைக்குள் அபின், சாராயம், சூதாட்டம், அடகு எல்லாம் அவருடைய ஏகபோகம். கூலிக்காரன் சம்பாதித்தது சுற்றிச் சுற்றி அவரிடமே போய்ச் சேரும். 1917-இல்தான் அந்த முறை ஒழிந்தது. இந்த மண்ணுக்கு உரிமம் என்பது புதுச் சங்கதி இல்லை.

எங்கள் அப்பா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார். வீட்டுக்கு வாடகை கிடையாது. ஆனால் வீட்டில் ஓர் ஆள் வெட்டுக்குப் போக வேண்டும். அதுதான் வாடகை. 1973-இல் அப்பா செத்துப்போனார். முப்பதாம் நாள் கும்பிடு முடிந்ததும் கிராணி வந்து அம்மாவிடம் மரியாதையாகத்தான் பேசினார். அம்மாவுக்கு நெஞ்சுவலி, வெட்டுக்குப் போக முடியாது. நான் பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினைந்து, மூன்றாம் படிவம். மறு வாரம் அக்கா காண்டாவாளியைத் தூக்கிக்கொண்டு நாலரை மணிக்குப் பெரட்டுக்குப் போனார். நான் படித்து முடிக்கும்வரை எங்கள் லயத்து வீட்டின் மாதச் சந்தாவைக் கட்டியது அவர்தான்.

இங்கிலாந்துத் தத்துவவாதி ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டில் சொன்னார்: ஒருவன் தன் உழைப்பை எதோடு கலக்கிறானோ அது அவனுடைய சொத்தாகிறது. அப்பா இருபது வருடம் அந்த மரங்களோடு உழைப்பைக் கலந்தார். லாக்கின் கணக்குப்படி எங்களுக்கு ஒரு கிளையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் மரம் வேறொருவருடையது, அப்பா கூலி வாங்கிக்கொண்டார் என்பார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் வீட்டின் பின்னால் அப்பா தன் கையால் கொத்திப் போட்ட தோட்டம் இருந்தது. முருங்கை, வாழை, அம்மாவின் கறிவேப்பிலை. வெட்டுக்கு ஆள் இல்லையென்றால் அதையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நாளைக்கு வேலை செய்யாதவனுக்கு நாளைய வீடு இல்லை என்பதில் ஒரு கணக்கு உண்டு. நேற்று அவன் நட்டதும் அதோடு போய்விடும் என்பது என்ன கணக்கு?

மருமகன் கேட்பதும் அதைத்தான். அடுத்த மாதக் கணக்கை எழுத மென்பொருள் வேண்டும், அதற்குக் காசு கேட்டால் நியாயம். அவன் எழுதி முடித்த கணக்கும் அதே பூட்டுக்குள் இருப்பதுதான் சிக்கல். அப்போது அவன் கட்டுவது பயன்படுத்துவதற்கான கட்டணம் இல்லை, தன் பழைய உழைப்பை மீட்கும் பணயம். பெட்டியில் வாங்கிய காலத்தில் சட்டம் என்ன சொன்னாலும், வருமானம் இல்லாத ஆறு மாதம் ஒருவன் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். கையில் காசில்லாமல் இருக்கும் அந்தச் சுதந்திரம்தான் போய்விட்டது. 2019 அக்டோபரில் அமெரிக்க அரசாணையைக் காட்டி வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. அதே மாதக் கடைசியில் அனுமதி கிடைத்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நடுவில் இருந்த அந்த நாட்களில் அங்குள்ள ஒரு வடிவமைப்பாளருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அக்காவுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இதே நாட்டில் வேறு மாதிரி ஒரு மாதத் தவணையும் இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள், வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள், தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். வெட்டுக்காரனுக்கு அன்று பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. எங்கள் அப்பாவும் கட்டினார். அம்மா சொல்வார், அந்தப் பத்து மாதமும் வீட்டில் மீன் குறைவு என்று. பதினோராம் மாதம் யாரும் வந்து கேட்கவில்லை. கூட்டுறவு எங்களைப் பணக்காரராக்கவில்லை. ஆனால் அப்பா போன பிறகும் அவர் பெயரில் அது இருந்தது, கிராணி வந்து கேட்டதும் அதை அல்ல.

மருமகன் கடைசியில் ஒரு மாதச் சந்தா கட்டினான், சேவை வரியோடு சேர்த்து. அந்த மாதம் முழுக்க ராத்திரியில் உட்கார்ந்து, பழைய கணக்கை எல்லாம் ஒன்றுவிடாமல் அச்செடுத்தான். தாள் வாங்கிக் கொடுத்தது நான். ஏழு தடித்த கோப்புகள் வந்தன. வேலை மறுபடி தொடங்கியதும் அதே மென்பொருளுக்குத்தான் திரும்பினான், வேறு வழி தெரியவில்லை என்றான். மாதக் கடைசியில் மட்டும் மறக்காமல் அச்செடுத்துவிடுகிறான்.

கோப்புகளை அக்கா சாமி அறை அலமாரியில், அப்பாவின் பங்குப் பத்திரம் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். கரையான் வரும், வேறு எங்காவது வைக்கலாமே என்றேன்.

"வந்தா தட்டி விட்டுக்கலாம்டா" என்றார்.