பார்வையைத் தருபவரின் பொறுப்பு

மைசூரில் பார்வையற்ற சிறுமியருக்காக 1988-இல் தொடங்கப்பட்ட ரங்கராவ் நினைவுப் பள்ளி ஓர் உறைவிடப் பள்ளி. பார்வையைத் தருவது அதன் பணியன்று. பார்வையின்றியும் கற்று வாழும் வழியைத் தருவதே அதன் பணி. அத்தகைய சிறுமி ஒருத்தியின் பெற்றோரிடம், 'மூளையில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினால் உங்கள் மகள் பார்ப்பாள்' என்று எவரேனும் கூறினால், அவர்கள் என்ன கேட்க வேண்டும்?

இது வெறும் கற்பனையன்று. 1960-களில் இங்கிலாந்தில் பிரிண்ட்லி, லெவின் என்ற இருவர், பார்வையிழந்த பெண்மணி ஒருவரின் மூளையில், காட்சிக்குரிய பகுதியின்மேல் 80 மின்முனைகளைப் பொருத்தினர். மின்சாரம் பாய்ந்தபோது அவருக்கு ஒளிப்புள்ளிகள் தோன்றின. கண்ணின் துணையின்றியே ஒளி! வேதாந்தம் பயின்றோர் இதில் திகைக்க மாட்டார்கள். கண்ணும் கருவியே, அதன் பின்னுள்ள மனமும் கருவியே என்பது அவர்கள் அறிந்ததுதான். 2024-இல் நியூராலிங்க் நிறுவனத்தின் 'பிளைண்ட்சைட்' என்ற மூளைக் கருவியை விரைந்து பரிசீலிக்க அமெரிக்க அரசின் மருந்துத் துறை இசைந்தது.

எனினும் ஒளிப்புள்ளி வேறு, காட்சி வேறு. பிறவியிலேயே பார்வையற்றிருந்து அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற இந்தியச் சிறுவர்களைப் பவன் சின்ஹாவின் குழு ஆராய்ந்தது. கையால் தொட்டறிந்த பொருளை அவர்களால் கண்ணால் உடனே இனம்காண இயலவில்லை என்று 2011-இல் அக்குழு வெளியிட்டது. பார்க்கவும் பழக வேண்டியிருக்கிறது. பழகுவதற்குக் காலமும் துணையும் வேண்டும்.

இங்கேதான் அறம் குறுக்கிடுகிறது. அமெரிக்காவின் 'செகண்ட் சைட்' நிறுவனம், விழித்திரையில் 60 மின்முனைகளைப் பொருத்தும் 'ஆர்கஸ் 2' கருவியை 350-க்கும் மேற்பட்டோருக்கு அளித்தது. 2019-இல் அதன் தயாரிப்பை நிறுத்தியது. 2020-இல் பெரும்பாலான ஊழியர்களை விலக்கியது. கருவி பழுதானால் செப்பனிட ஆளில்லை. மங்கலாகவேனும் கிடைத்த ஒளி மறுபடி அணைந்துபோன துயரம் சிலருக்கு நேர்ந்தது.

'அவர்கள் சம்மதித்துத்தானே ஏற்றார்கள்?' எனலாம். அறுவை சிகிச்சையின் அபாயத்திற்குச் சம்மதித்தார்கள், உண்மை, கைவிடப்படுவதற்குமா சம்மதித்தார்கள்? ஏக்கம் மிகுந்தவர் எதற்கும் தலையசைப்பார். ஆதலால் அந்தச் சம்மதத்தைக் காட்டித் தருபவர் தம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. கண்தானத்தில் இந்தச் சிக்கல் இல்லை: பொருத்தப்பட்ட விழிவெண்படலம் பெரும்பாலும் பெற்றவரின் உடலோடு ஒன்றிவிடும், கொடுத்தவரை மறுபடி நாட வேண்டியதில்லை. மின்கருவியோ செய்தவரையே சார்ந்து நிற்கிறது. கடைச்சரக்கைப் போல் அதை விற்று, கணக்கை முடித்துவிட இயலுமா?

ஆராய்ச்சி வேண்டாம் என்பதன்று இதன் பொருள். 'எத்தனை புள்ளிகள் தெரியும்?' என்பதை அந்தப் பெற்றோர் பிறகு கேட்கட்டும். 'எங்கள் மகளுக்கு முப்பது வயதாகும்போது இக்கருவி பழுதுபட்டால் யாரிடம் வருவது? உங்கள் நிறுவனம் இல்லாமற்போனால் யார் பொறுப்பு?' என்று முதலில் கேட்டு, விடையை எழுத்தில் பெறட்டும்.